ஹானெட்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

போன வாரம் ஒரு சீரியல் எபிசோடை மிக்ஸ் பண்ணி அனுப்பிவிட்டு, ராத்திரி ஒன்றரை மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின்னால் வந்த பாணி) பேண்டின் 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது, மார்ட்டின் ஹானெட் தயாரித்தது. பகல் பூரா மாமியார் வசனத்தையும், அதற்கு நடுவில் மூன்று முறை விழும் இடிச் சத்தத்தையும் கேட்ட காதுக்கு அது ஒரு எண்ணெய்க் குளியல். என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு வயது 23. நல்ல காது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கிதாரை இப்படி அமுக்கி மூலையில போட்டு வெச்சிருக்காரே அந்த ஆளு. மல்டிடிராக் மட்டும் நம்ம கையில கிடைச்சா ஒரே ராத்திரியில சரி பண்ணிடலாம்ணே."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் அந்த 'சரி பண்ணிடலாம்ணே' ஒரு வாரமாக உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி செய்யச் சொன்ன வேலைக்கு ரீமிக்ஸ் என்று பெயர். முதலில் அதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்ம ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டை எடுத்து, நடுவில் ராப் சொருகி, பீட்டைக் கூட்டுவது. நான் பேசுவது அது இல்லை. ஸ்டுடியோவில் டிரம்ஸ், பேஸ், கிதார், குரல் என்று தனித்தனி டிராக்கில் பதிவான மூல டேப்பை (மல்டிடிராக் என்பது அதுதான்) எடுத்து, அந்தக் கலவையை முதலிலிருந்து திரும்பப் போடுவது. ரீமாஸ்டர் என்பதும் வேறு. ரீமாஸ்டர் என்றால் வைத்த குழம்பைச் சுடவைத்து வேறு பாத்திரத்தில் பரிமாறுவது. ரீமிக்ஸ் என்றால் அரிந்து வைத்த காய்க்கே திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைப்பது.

தம்பி சொன்னதை அடாவடி என்று ஒதுக்கிவிட முடியாது. சொல்லப்போனால் அந்த பேண்ட்காரர்களே அவன் கட்சிதான். கிதார் வாசித்த பெர்னார்ட் சம்னரும், பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்கும் ஆல்பத்தை முதலில் கேட்டபோது நொந்துபோனதாகப் பல முறை சொல்லியிருக்கிறார்கள். மேடையில் அவர்கள் வாசித்தது முரட்டுத்தனமாக, காது கிழிகிற மாதிரி இருக்குமாம். தட்டில் வந்ததோ யாரோ காலியான கட்டடத்துக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. அதைச் செய்தவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். மான்செஸ்டர் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் ஊரில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில், 1979 ஏப்ரலில், வார இறுதிகளில் பதிவுசெய்த ஆல்பம். அந்த ஜூனில் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. ஹுக் பிற்பாடு மனம் மாறி, ஹானெட் செய்தது நல்ல வேலைதான் என்று ஒத்துக்கொண்டது தனிக்கதை.

ஆக, வாசித்தவர்களுக்கே பிடிக்கவில்லை, டேப் இருக்கிறது, இன்றைக்குக் கருவியும் இருக்கிறது. பிறகென்ன, ஹானெட்டைத் துடைத்துவிட்டு நிஜமான ஜாய் டிவிஷனை வெளியே எடுக்க வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். அந்த ஆள் டிரம்ஸை எப்படிப் பதிவு செய்தார் என்று பாருங்கள். டிரம்மர் ஸ்டீஃபன் மோரிஸை முழு செட்டையும் ஒன்றாக வாசிக்க விடாமல், துண்டு துண்டாகப் பதிவு செய்தார். காலால் அடிக்கிற பாஸ் டிரம் மட்டும் ஒரு தடவை, நடுவில் படபடவென்று அடிக்கிற ஸ்னேர் டிரம் மட்டும் ஒரு தடவை, ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு மட்டும் ஒரு தடவை. ஒன்றை வாசிக்கும்போது மற்றதன் சத்தம் மைக்கில் ஒட்டக்கூடாது. டிரம்ஸ் வாசித்தவர்களுக்குத் தெரியும், இது எப்படிப்பட்ட சித்திரவதை என்று. நாலு கைகாலும் ஒன்றாக ஓடினால்தான் தாளம் வரும், ஒரு கையை மட்டும் ஓட்டு என்றால் உடம்பு கேட்காது. மிச்சப் பாகத்தைத் தன் தொடையில் தட்டிக்கொண்டே வாசித்ததில் தொடை கன்றிப் போனது என்று மோரிஸே சொல்லியிருக்கிறார். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் தாளத்தோடு வரும் இல்லையா? டேப் ஹெட்டைத் துடைக்கும் ஸ்பிரே டப்பா அது. குரல் பதிவு செய்யும் குட்டி அறைக்குள் மனிதரை நிறுத்தி, பாட்டு முழுக்க அதை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு முட்டிப் போனாராம்.

இப்போது தம்பியின் ஆசைக்கு வருவோம். மல்டிடிராக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்னேர் டிராக்கை ஸோலோ போடுகிறாய், அதாவது மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு அதை மட்டும் கேட்கிறாய். என்ன கேட்கும்? மேடையில் அதிர்ந்த அந்த முரட்டு பேண்ட் கேட்காது. ஒரே ஒரு ஸ்னேர், சுற்றிலும் எந்த அறையும் இல்லாமல், 'டக்' என்று அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி கேட்கும். செட்டாக வாசிக்கும்போது ஸ்னேர் அடித்தால் சிம்பல் லேசாகச் சிணுங்கும், டாம் உறுமும், அறை திருப்பிப் பேசும். அந்த உயிரெல்லாம் டேப்பில் ஏறவே இல்லை, ஏறவிடாமல் ஹானெட் வாசலிலேயே தடுத்துவிட்டார். ஏனென்றால் அந்த இடத்தை நிரப்ப அவரிடம் வேறு அறை இருந்தது. பர்ன்லியில் ஏ.எம்.எஸ். என்ற சின்ன நிறுவனம் அப்போதுதான் செய்துகொண்டிருந்த டிஜிட்டல் டிலே கருவி. ஸ்னேருக்குப் பின்னால் சில மில்லிசெகண்ட் தள்ளி அதன் நிழலை விழவைத்தார். அந்த நிழல்தான் நாம் 45 வருஷமாகக் கேட்டுச் சிலிர்க்கிற 'காலிக் கட்டடம்'.

நிழலைத் துடைத்தால் ஆள் வெளியே வருவான் என்று தம்பி நினைக்கிறான். ஆள் அங்கே இல்லை. அவனை அங்கே நிற்கவே விடவில்லை.

குரலும் அப்படித்தான். 'இன்சைட்' பாட்டில் பாடகர் இயன் கர்ட்டிஸ் குரலை டெலிபோன் லைன் வழியாக அனுப்பிப் பதிவு செய்தார் ஹானெட். தூரத்திலிருந்து வருகிற மாதிரி வேண்டுமாம். அது மிக்ஸில் போட்ட எஃபெக்ட் இல்லை, பதிவு நடந்த விதமே அதுதான். 1980 மே 18-ஆம் தேதி அந்தப் பையன் போய்ச் சேர்ந்தான், வயது 23. (என் தம்பியின் வயது. எழுதும்போதுதான் உறைக்கிறது.) பக்கத்தில் மைக் வைத்துத் திரும்பப் பாடச் சொல்ல ஆள் கிடையாது. ஹானெட்டும் 1991-இல் போய்விட்டார், தன் வேலைக்கு வக்காலத்து வாங்க அவரும் இல்லை.

மேடையில் வாசித்த ஜாய் டிவிஷன்தான் வேண்டும் என்றால் அதற்கு ரீமிக்ஸே தேவையில்லை. 2007-இல் வந்த ரீமாஸ்டர் பதிப்பின் இரண்டாவது தட்டில், 1979 ஜூலையில் மான்செஸ்டர் 'தி ஃபேக்டரி' கிளப்பில் அவர்கள் வாசித்த கச்சேரி இருக்கிறது. ஆல்பம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போட்டுக் கேளுங்கள். கிதார் கிழிக்கிறது, டிரம்ஸ் ஓடுகிறது, ஹுக்கின் பேஸ் மேல் ஸ்தாயியில் நின்று கத்துகிறது. (மட்டமான ஸ்பீக்கரில் கீழ் ஸ்வரம் அவருக்கே காதில் விழாததால்தான் மேலே போய் வாசிக்க ஆரம்பித்தாராம். ஒரு ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து ஒரு பாணியே பிறந்திருக்கிறது!) இரண்டு பதிவுக்கும் நடுவில் சில மாதம்தான் இடைவெளி. ஒன்று அந்த பேண்ட், இன்னொன்று அந்த ஆல்பம். ஒன்றைக் கடைந்தால் இன்னொன்று வராது.

ரீமிக்ஸே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிற மாதிரி. எக்ஸ்.டி.சி. பேண்டின் 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்', இதுவும் 1979 ஆல்பம்தான். 2014-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதை மல்டிடிராக்கிலிருந்து திரும்ப மிக்ஸ் செய்தார். அந்த மனிதரின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். பழைய மிக்ஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதை அப்படியே திரும்பக் கொண்டுவர முதலில் முயல்வார். எந்த எக்கோ எங்கே, எந்த இடத்தில் ஃபேடர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு பட்டன்) ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் அதை 5.1 சரவுண்ட் ஒலிக்கு விரிப்பார். டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவின் கல் அறையில் டெர்ரி சேம்பர்ஸ் அடித்த டிரம்ஸ் நிஜமாகவே டேப்பில் இருந்தது, அதனால் அங்கே தூசு தட்டத் தட்ட உள்ளே சரக்கு தெரிந்தது. பழைய மிக்ஸையும் அதே பெட்டிக்குள் வைத்துத்தான் விற்றார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் பாடகர் இக்கி பாப்பின் பேண்டான ஸ்டூஜஸ் போட்ட 'ரா பவர்'. 1973 ஆல்பம், போஸ்ட்-பங்குக்கு முந்தையது, ஆனால் இந்தப் பஞ்சாயத்துக்குத் தாத்தா. டேவிட் போவி செய்த மிக்ஸ் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, அடிவயிற்றில் பலமே இல்லை என்று வருஷக்கணக்காகக் குறை சொன்னார்கள். போவி தரப்பில் சொன்னது: 24 டிராக்கில் எனக்குக் கொடுத்ததே மூன்றுதான். பேண்ட் மொத்தமும் ஒன்றில், லீட் கிதார் ஒன்றில், குரல் ஒன்றில், இதில் எதைக் கூட்டிக் குறைப்பது? 1997-இல் இக்கி பாப் தானே உட்கார்ந்து திரும்ப மிக்ஸ் செய்தார். ஒலி மீட்டரின் எல்லா முள்ளையும் சிவப்பில் தள்ளினார். அவ்வளவு சத்தமான சிடியை நான் அதற்கு முன் கேட்டதில்லை, ஒலி அலையே தலை வெட்டுப்பட்டு நிற்கும். எனக்கு அது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு ரவுடித்தனமான நேர்மை அதில் உண்டு. ஆனால் அதற்கப்புறம் கடைக்குப் போய் 'ரா பவர்' சிடி கேட்டவனுக்கு இக்கி மிக்ஸ்தான் கிடைத்தது. போவி மிக்ஸ் முறையாகத் திரும்பி வர 2010 ஆயிற்று. நடுவில் பதின்மூன்று வருஷம், ஒரு தலைமுறை அந்த ஆல்பத்தையே வேறொன்றாகக் கேட்டு வளர்ந்திருக்கிறது.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். சிடி காலத்தில் பழைய தட்டை எவனாவது அலமாரியில் வைத்திருப்பான். ஸ்ட்ரீமிங்கில் ஒரே பெயர், ஒரே அட்டைப்படம், உள்ளே ஃபைலை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

என் சொந்தக் கதை ஒன்று. 2009-இல் கல்லூரி நண்பர்கள் பேண்டை ஒரு மொட்டைமாடி அறையில் எட்டு டிராக்கில் பதிவு செய்தேன். எனக்கு ஒன்றும் தெரியாத காலம். குரல் மைக்குக்கு நேர் மேலே சீலிங் ஃபேன், மே மாசம், அதை நிறுத்தினால் பாடுகிறவன் மயங்கி விழுவான். ஓடவிட்டோம். நாலு பாட்டிலும் குரலுக்குப் பின்னால் 'டக்-டக்-டக்' என்று அதன் ஆட்டம். மிக்ஸும் கண்றாவி, எக்கோவை அள்ளிக் கொட்டியிருந்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, ஊரடங்கில் சும்மா இருந்தபோது பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டி எடுத்தேன். இப்போது கையில் எல்லாச் சாமானும் இருக்கிறது. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஃபேனை நார் நாராக உரித்து எடுத்தேன். டிரம்ஸைச் சீராக்கினேன், குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பெருமையாக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ரெண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் டிரம்ஸ் வாசித்தவன் கேட்டான்: "டேய், ஃபேன் எங்கடா?"

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறான். ரெண்டாவது பாட்டின் வேகத்தையே அந்த ஃபேன் சத்தத்தில் பிடித்துத்தான் அன்றைக்கு எண்ணி ஆரம்பித்தானாம். அதை எடுத்ததும் தன் வாசிப்பு எதற்கு அப்படித் தள்ளாடுகிறது என்று அவனுக்கே புரியவில்லை. நான் சத்தம் என்று நினைத்துத் துடைத்தது அவனுக்கு மெட்ரோனோம், தாளம் காட்டும் கருவி. "பழைய எம்பி3 இருந்தா அனுப்பு, என் பையனுக்குப் போட்டுக் காட்டணும்" என்றான். அதைத்தான் அனுப்பினேன். என் மூன்று ராத்திரி வேலை இன்னும் டெஸ்க்டாப்பில் தூங்குகிறது.

ஆகவே, என் கோரிக்கை சின்னதுதான். டேப்பைக் காப்பாற்றுங்கள், அது அவசரம். அந்தக் காலத்து டேப் பலதும் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போயிருக்கிறது. ஐம்பத்து சொச்சம் டிகிரியில் மணிக்கணக்கில் வாட்டி எடுத்தால்தான் ஒரு தடவையாவது ஓடும். ஓடும்போதே டிஜிட்டலில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றியதை எங்களைப் போல் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தனித்தனி டிராக்காகவே கொடுத்தாலும் சந்தோஷம். ஒவ்வொன்றாக ஸோலோ போட்டுக் கேட்டாலே ஹானெட் என்ன வேலை பார்த்தார் என்று புரிந்துவிடும். ரீமிக்ஸ் போடுகிறவர் தாராளமாகப் போடட்டும், தன் பெயரையும் வருஷத்தையும் அட்டையில் பெரிதாகப் போட்டுக்கொண்டு, பழையதற்குப் பக்கத்தில் வைக்கட்டும். "அவர்கள் உண்மையில் விரும்பிய ஒலி" என்று மட்டும் விளம்பரம் போடாதீர்கள். 1979-இல் அந்த அறையில் இருந்த ஆறேழு பேருக்கு ஆறேழு விருப்பம். ஹுக்கும் சம்னரும் பிற்பாடு கோர்ட் வரைக்கும் போய் 2017-இல்தான் சமரசம் ஆனார்கள், அவர்களில் யார் விருப்பம் என்று கேட்டு ஃபேடரைத் தள்ளப் போகிறீர்கள்?

தம்பிக்கு இதை நாளைக்குப் படிக்கக் கொடுப்பேன். ஒத்துக்கொள்ள மாட்டான். பரவாயில்லை. ஒன்று மட்டும் அவனைக் கேட்கச் சொல்வேன். 'இன்சைட்' தொடங்கும்போது, பாட்டுக்கு முன்னால், இரும்பு உரசுகிற மாதிரி ஏதோ ஒன்று மெல்ல அசைந்து வரும். ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவின் லிஃப்ட் அது. ஹானெட் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் அதையும் பதிவு செய்திருக்கிறார். 1993-இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள், வாட்டர்லூ ரோட்டில் அந்தக் கட்டடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நம்ம தம்பி கையில் அந்த டேப் கிடைத்தால், முதல் ராத்திரியே அந்த டிராக்கைக் கண்டுபிடித்து, 'ஏதோ இரைச்சல்ணே' என்று மியூட் போட்டிருப்பான்.