அந்தக் குட்டியைக் கொஞ்ச நாள் தொடாமல் விடுங்கள்

யார் வீட்டுப் பிறந்தநாள், யார் எடுத்த வீடியோ என்று நான் எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கள் ஆட்கள் இருக்கிற குழுக்கள் எல்லாவற்றிலும் நேற்றிலிருந்து அதுதான் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகாத லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கிற ஒரு வகைப் பல்லி) குட்டி ஒன்று, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் கைக்குக் கை மாறுகிறது. வாயைத் திறந்து கீச்சென்று கத்துகிறது. யாரோ வாலைப் பிடிக்கிறார்கள். வால் கழன்று மேசையில் விழுந்து துடிக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னூட்டத்தில் நான் ஒரு வரி எழுதினேன்: "புதுசா வந்த குட்டியைத் தொடாமல் விடுங்கோ." அதற்கு வந்த பதில்களைத்தான் பார்த்திருப்பீர்கள். "பல்லிக்கு வக்காலத்து வாங்க ஒரு அக்கா வந்திட்டா." சரி, வாங்குகிறேன். ஆறுதலாகக் கேளுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டவர்களுக்கு முதலில் சொல்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் அண்ணா வீட்டில் நான் ஒரு குளிர்காலம் நின்றேன். அப்போதுதான் அண்ணாவின் மகனுக்கு, என் மருமகனுக்கு, இதே மாதிரி ஒரு குட்டி வாங்கினார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்நிலத்துக்குரிய உயிரினம் அது. எங்கள் வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி இல்லை. இதற்குக் கண்ணிமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். காலில் ஒட்டும் தன்மை இல்லாததால் சுவரில் ஏறாது. பகலில் பதுங்கியிருந்து, பொழுதுபட்ட பிறகுதான் வெளியே வரும். அதைப் பட்டப்பகலில் வெளியே இழுத்தெடுத்து, வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து, "சோம்பேறிப் பல்லி, அசையுதே இல்லை" என்கிறீர்கள். அது பயத்தில் உறைந்துபோய் இருக்கிறது.

மருமகனுக்குப் பத்து வயதும் ஆகவில்லை. அவன் முதல் இரண்டு கிழமை அந்தக் குட்டியைத் தொடவே இல்லை. தண்ணீர் மாற்றுவான், புழுவைப் போடுவான், கையை எடுத்துவிடுவான். பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள மூன்று இடம் வைத்திருந்தான்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோல் உரிக்க வசதியாக ஈரப் பாசி போட்டது ஒன்று. சூடான பக்கத்துத் தரை 31, 32 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் தின்றது ஒழுங்காகச் செரிக்காது. அதே நேரம், எங்கள் ஊர் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியை வைத்தால் குட்டி வெந்துபோகும். இதையும் வீடியோவில் உள்ள குட்டியை வாங்கிய அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அப்புறம் மருமகன் தான் போட்டுக் கழற்றிய பழைய பெனியனில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்தான், அவனுடைய மணம் குட்டிக்குப் பழகட்டும் என்று. பின்னேரத்தில் கையைப் பெட்டியின் தரையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். முதலில் அது வாலைத் தூக்கி மெதுவாக ஆட்டும். "கிட்ட வராதே" என்று அர்த்தம். அவன் கையை எடுத்துவிடுவான். ஒருநாள் அதுவே வந்து விரலை நக்கிப் பார்த்தது. பிறகு உள்ளங்கையில் ஏறி நின்றது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம்தான், ஐந்து நிமிடம் இருக்கும், திரும்ப இறக்கிவிட்டான். தின்ற நாளில் தூக்கமாட்டான். தோல் வெளுத்து உரிக்கப்போகிற நேரத்திலும் தூக்கமாட்டான்.

"பிடிச்சுப் பிடிச்சுத்தான் பழக்கவேணும்" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அண்ணை, நீங்கள் பழக்குவது கையை அல்ல, பயத்தை. மேலேயிருந்து வருகிற கை அதற்குப் பருந்துதான். பிறந்தபோது ஐந்து கிராம்கூட இல்லாத உயிர் அது. பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், வயிற்றுக்குக் கீழே தாங்கி எடுக்கவேண்டும். அதுவும் அது ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு. முதலில் விடுங்கள். அது தானாக வரும்.

"வால்தானே, முளைக்கும்." இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். முளைக்கும். ஆனால் பழைய வால் வராது, மொழுக்கென்று குட்டையாக ஒன்று வரும். அந்த வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்துவைக்கிறது. சாப்பிடாத நாட்களுக்கு அதுதான் அதன் கையிருப்பு. பயந்துபோய்ச் சாப்பிடாமல் இருக்கிற குட்டியிடமிருந்து அதையும் பறித்துவிட்டு, "முளைக்கும்" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

அனுமதியோடு வந்த பிராணியா என்று கேட்டவர்கள், விற்றவரிடம் கேளுங்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அந்தக் குட்டி பொறுப்பில்லை.

கடைசியாக ஒருவர் எழுதினாரே, "சனம் செத்த மண்ணில் பல்லிக்கு அழுகிறாள்" என்று. இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். நானும் இந்த மண்தான். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாங்களும் கூடாரத்துக்குள் இருந்தோம். பார்க்க வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகளைத் தூக்குவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், படம் எடுப்பார்கள். என் தம்பி பாய்ச்சுருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். "வெளியில வா, ஏன் வெக்கம்?" என்று கேட்பார்கள். அது வெட்கம் இல்லை. அம்மா மட்டும்தான் சொல்லுவா, "விடுங்கோ, அவன் தானா வருவான்." அதே அம்மா, பல்லி என்றாலே தும்புத்தடியைத் தேடுகிறவ, ஸ்காபரோவிலிருந்து மருமகன் வீடியோ கோலில் குட்டியைக் காட்டியபோது சொன்னா: "தூக்காதே அப்பு, அது பயந்துபோய்க் கிடக்கு. தானா வரட்டும்."

மனிதரையும் பல்லியையும் ஒன்றாக வைக்கிறாள் என்று இதற்கும் வருவீர்கள். வைக்கவில்லை. பயம் என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்புச் சத்தம்தான் தாங்கமுடியவில்லை.

அந்த வீட்டுத் தம்பிக்கு: நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆசையில் வாங்கியிருக்கிறாய், சொல்லித்தர ஆள் இல்லை. பெட்டிக்குள் மணல் இருந்தால் எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ விரி, வால் கழன்ற இடத்தில் அழுக்குப் படக்கூடாது. ஒவ்வொரு நாளும் மாற்று. மாவுப் புழு (மீல்வேர்ம்), சின்னச் சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி) கல்சியம் தூள் தடவிக் கொடு. தின்னாமல் இருந்தாலோ, காயம் வீங்கினாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோ. அது ஒழுங்காகத் தின்னும்வரை யார் கேட்டாலும் வெளியே எடுக்காதே. நன்றாகப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு மேல் உன்னோடு இருக்கும். என்ன சந்தேகம் என்றாலும் இன்பாக்ஸில் கேள், எந்த நேரமும் பதில் போடுவேன்.

மற்றவர்கள் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். எனக்கும் அனுப்பாதீர்கள்.