கரண்டு பில்லுக்கு வக்கீல் வேண்டும்

மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெரியவர். சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். மடியில் மஞ்சப்பை, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட ஈபி ரசீதுகள், ஓரமெல்லாம் கிரீஸ் கறை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போனவர் கையிலிருந்த பில்லைத் தூக்கிக் காட்டினார். "ஆர்டர் இல்லாம மெஷினே ஓடல. அந்த மாசத்துக்கும் நிலைக்கட்டணம் வருது. ஓடாத மெஷினுக்கு நான் எதுக்குங்க கட்டணும்?" என்று கேட்டார். பேசி முடித்து வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆலை முதலாளிகள் சங்கத்துக்காக ஒரு வக்கீல் எழுந்தார். அவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். ஆனால் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு மின் நிறுவனம் போட்ட மனுவில் எத்தனையாவது பக்கம், எந்த அட்டவணை, முந்தைய உத்தரவில் அதே தலைப்புக்கு எவ்வளவு அனுமதித்தார்கள், விதி என்ன சொல்கிறது, இப்போது எந்தத் தொகையை வெட்ட வேண்டும் என்று வரிசையாக எடுத்து வைத்தார். அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும். அந்த வக்கீல் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் கட்சிக்காரருக்கு நன்றாக வேலை பார்த்தார். பெரியவருக்கும் அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கரண்டு கட்டணத்தை அரசாங்கம் ஒருநாள் அறிவித்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 2003 மின்சாரச் சட்டத்தின்படி அது ஏறக்குறைய ஒரு வழக்கு. மின் நிறுவனம் மனு போடுகிறது. அதன் சுருக்கத்தையும் அதுவே வெளியிடுகிறது. கட்டணத்தை முடிவு செய்கிற மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதன் மேல் ஆட்சேபணை கேட்கிறது. வந்த கருத்துகளையெல்லாம் பரிசீலித்து 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்கிறது 64ஆவது பிரிவு. மனுதாரருக்கு வக்கீல் உண்டு, கணக்கர் உண்டு, பொறியாளர் உண்டு. தீர்ப்பு சொல்ல ஆணையம் இருக்கிறது. கட்டணத்தைக் கட்டப்போகிற நம் பக்கம் நாற்காலி காலி.

2022ஐ நினைத்துப் பாருங்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு கட்டணத்தை உயர்த்தக் கேட்டு ஜூலையில் மனு வந்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊரில் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம். அந்த ஒரே உத்தரவு 2026-27 வரைக்கும் ஓடும். விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஜூலைதோறும் கட்டணம் ஏற வழியும் அதிலேயே வைத்தாகிவிட்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது அந்த வழியாகத்தான். ஆகவே அந்த மூன்று கூட்டங்களில் நாம் சரியாக வாதாடாமல் விட்டதற்கு ஏறக்குறைய நாலரை வருடம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என்னை ரொம்பவே உறுத்துவது சட்டத்தில் மாறிய ஒரு சொல். 1998இல் வந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தில் 26ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. எல்லா நடவடிக்கைகளிலும் நுகர்வோர் நலனை எடுத்துச் சொல்ல ஆணையம் ஒருவருக்கு அதிகாரம் அளிக்க வேண்டும் என்றது அது. கடமை. 2003இல் புதுச் சட்டம் வந்தபோது அது 94ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவுக்குள் போய் 'அளிக்கலாம்' ஆகிவிட்டது. 'வேண்டும்' போய் 'லாம்' வந்தது. அளிக்காவிட்டாலும் கேட்க ஆளில்லை. கல்கத்தா மின் நிறுவன வழக்கில் நுகர்வோருக்குக் கேட்கப்படும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது பழைய சட்டத்தின் காலம். அடுத்த வருடமே சொல் மாறிவிட்டது.

"ஆணையமே நுகர்வோரைப் பாதுகாக்கத்தானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். பாதி சரி. 2003 சட்டத்தின் 61ஆவது பிரிவு நுகர்வோர் நலனைக் காக்கச் சொல்கிறது, அதே மூச்சில் மின்சாரத்துக்கு ஆன செலவு நியாயமாகத் திரும்பக் கிடைக்கவும் வழி செய்யச் சொல்கிறது. இரண்டு தட்டையும் பிடித்திருப்பவரிடம் போய் என் தட்டில் மட்டும் எடையை வை என்று கேட்க முடியாது. அந்த ஆணையத்திலேயே சட்டம் தெரிந்த ஒரு உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்ல 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. அப்படி ஒருவரை நியமிக்காமல் கட்டண உத்தரவு போடக்கூடாது என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது யார்? ஒரு நூற்பாலைச் சங்கம். தனி நீதிபதி தடுத்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது, கட்டணம் உயர்ந்தது. முடிவு எப்படியோ போகட்டும். கோர்ட் படி ஏறும் சக்தி சங்கத்துக்கு இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி பில் கட்டுகிற அம்மாவுக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின் நிறுவனம் வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் நிர்வாகச் செலவில் சேர்ந்து, கடைசியில் நம் யூனிட் விலைக்குள் வந்து உட்கார்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஏற்கெனவே நாம்தான் ஃபீஸ் கட்டுகிறோம். அப்படியிருக்க நம் வக்கீலுக்கும் அதே கணக்கிலிருந்து கொடுக்கச் சொல்வதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் மூன்று கோடிக்கு மேல் மின் இணைப்புகள். இணைப்புக்கு வருடம் ஒரு ரூபாய் ஒதுக்கினாலே மூன்று கோடி ரூபாய். ஒரு நல்ல வக்கீல், ஒரு ஆடிட்டர், ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவர், கூட நாலைந்து இளைஞர்கள் கொண்ட நிரந்தர அலுவலகத்தை அதில் தாராளமாக நடத்தலாம்.

இது நடக்காத காரியமும் இல்லை. மகாராஷ்டிர ஆணையம் இதே 'லாம்' பிரிவைப் பயன்படுத்தித்தான் புனேயின் பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத்து போன்ற அமைப்புகளுக்கு நுகர்வோர் பிரதிநிதி என்ற தகுதி கொடுத்தது. கர்நாடக ஆணையத்தில் நுகர்வோர் தரப்புக்கென்றே தனி அலுவலகம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1983இலேயே சட்டம் போட்டு இதற்கென ஒரு அமைப்பை உண்டாக்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் நுகர்வோர் தரப்பின் வாதம் முடிவுக்கு உண்மையிலேயே உதவியிருந்தால் வக்கீல், நிபுணர் செலவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

வக்கீல் வந்தால் இழுத்தடிப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். 120 நாள் கெடு சட்டத்திலேயே இருக்கிறது, ஒருவரும் அதைத் தாண்டி இழுக்க வேண்டியதில்லை. உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு நமக்கு இருப்பதோ 45 நாள், அதுவும் டெல்லியில் இருக்கிற தீர்ப்பாயத்தில். ஆயிரம் பக்க ஆவணத்தை முன்பே கரைத்துக் குடித்த ஒருவர் இல்லாமல் 45 நாளில் யாரால் என்ன செய்ய முடியும்?

2027 ஏப்ரலில் தொடங்கும் கட்டணத்துக்கு மறுபடி மனு வரும், மறுபடி கூட்டம் போடுவார்கள். அதற்கு முன்பே 94(3)இன் கீழ் வீட்டு இணைப்புகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதியை நியமிக்கக் கேட்டு ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டே பக்கம்தான். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். அந்தப் பெரியவரைப் போன வாரம் பட்டறையில் போய்ப் பார்த்தேன். மனுவை எழுத்துக்கூட்டி முழுசும் படித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முதல் கையெழுத்தை அவர் போட்டார். பக்கத்தில் சர்வீஸ் நம்பரையும் எழுதினார், கார்டைப் பார்க்காமலே.