வேகமான டெலிவரி இருந்தால் கையிருப்பே வேண்டாமா?

"வேகமாக அனுப்பும் சப்ளையரைப் பிடியுங்கள், அப்புறம் குடோனில் சரக்கே வைக்க வேண்டாம்" என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கையிருப்பைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல. சொன்ன நாளில் சரக்கு வருகிறதா என்பதும்தான். தினமும் 100 பெட்டி விற்கிறது என்று வையுங்கள். ஒரு சப்ளையர் சராசரியாக 4 நாளில் அனுப்புகிறார், ஆனால் சில தடவை 9 நாள் ஆகிவிடும். இன்னொருவர் எப்போதும் சரியாக 7 நாள். தட்டுப்பாடே வராமல் இருக்க, முதலாமவரிடம் வாங்கினால், உங்கள் குடோனில் 900 பெட்டி மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஆர்டர் போட வேண்டும். இரண்டாமவரிடம் 700 போதும். 'மெதுவான' ஆளிடம்தான் கையிருப்பு குறைகிறது!

விற்பனையும் ஏறி இறங்கும் என்பதால் நிஜத்தில் இருவருக்குமே கொஞ்சம் கூடுதல் சரக்கு தேவை.

சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள், நின்றுபோன இயந்திரத்தின் உதிரி பாகம் போன்றவற்றுக்கு வேகம் அவசியம்தான், மறுக்கவில்லை.

சரிபார்க்க வேண்டுமா? விநியோகச் சங்கிலியை அளவிடும் 'ஸ்கோர்' (SCOR) மாதிரியைப் பாருங்கள். நம்பகத்தன்மையும் வேகமும் அதில் தனித்தனி அளவுகோல்கள். அதைவிட எளிது, உங்கள் பழைய ஆர்டர்களில் சொன்ன தேதியையும் வந்த தேதியையும் ஒப்பிடுவது.

அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.