ரெண்டு லைன் இருக்கு, பாதை ஒண்ணுதான்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தர் போன் பண்ணி "வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் போடவா, 500 போடவா"ன்னு கேட்டார். நான் நெட்வொர்க் வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகுது, இத்தன வருஷமா எல்லாரும் என்கிட்ட கேட்டது இத மட்டும்தான், ஸ்பீடு எவ்ளோ, மாசம் எவ்ளோ. அந்த லைன் எந்த ரோடு வழியா வருது, அறுந்தா வேற வழி இருக்கான்னு யாரும் கேட்டதில்ல. வீட்ல கேக்காதது சரி, விட்ருவோம். ஆனா ஆஸ்பத்திரி, ஸ்கூல், நூறு பேர் வேலை பாக்கற ஆபீஸ், இவங்களும் கேக்கறதில்ல. எங்க தொழில்ல இருக்கறவங்களும் தானா வாயத் திறந்து சொல்றதில்ல. ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், நீளமா போகும், பொறுமையா படிங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. மாவட்டத் தலைநகர் ஒண்ணுல ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி எங்க கஸ்டமர். வெவரமானவங்க, ரெண்டு வேற வேற கம்பெனிகிட்ட லைன் வாங்கி வச்சிருந்தாங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும், நான்தான் ரவுட்டர்ல செட் பண்ணிக் குடுத்தேன், டெஸ்ட் பண்ணியும் காட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், ரெண்டும் ஒரே செகண்டுல செத்துருச்சு. மானிட்டரிங் ஸ்க்ரீன்ல ரெண்டு லிங்க்கும் ஒரே நேரத்துல செவப்பா மாறினதப் பாத்ததும் ரவுட்டர்தான் போயிருச்சுன்னு நெனச்சேன். ரவுட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. ஃபைபர்ல வெளிச்சத்த அனுப்பி எவ்ளோ தூரத்துல கட்டுன்னு காட்டற ஓடிடிஆர் மிஷின் வச்சு அடிச்சுப் பாத்தா ரெண்டு கேபிளும் ஏறக்குறைய ஒரே தூரத்துல, நாலு கிலோமீட்டர் சொச்சத்துல கட்டாயிருக்கு. போய்ப் பாத்தோம். ஒரு சின்ன பாலம், அதுக்குப் பக்கத்துல குடிதண்ணி பைப் போட ஜேசிபி தோண்டியிருக்கு, ரெண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே பாலத்தடியில ஒரே குழாய்க்குள்ள பக்கத்துல பக்கத்துல படுத்திருந்துச்சு. ரெண்டு பேருமே மூணாவது ஒருத்தர்கிட்ட டார்க் ஃபைபர், அதாவது போட்டு சும்மா கெடக்குற இழை, வாடகைக்கு எடுத்திருக்காங்க, கஸ்டமர்கிட்ட அத ரெண்டு பில்லா போட்ருக்காங்க.

மழை தூறிட்டு இருந்துச்சு. ஃபைபர ஒட்டற எங்க ஸ்ப்ளைசர் அண்ணன் குழிக்குப் பக்கத்துல சாக்க விரிச்சு உக்காந்தார், ரெண்டு பேர் மேல தார்ப்பாய் புடிச்சோம். அவருக்கு அம்பது வயசுக்கு மேல. கண்ணாடி இழையோட வெளி விட்டம் 125 மைக்ரான், அதுக்குள்ள வெளிச்சம் போற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலமுடியவிட மெலிசு. டார்ச் வெளிச்சத்துல ஜெல்லைத் துடைச்சு, மேல் கோட்டிங்க உரிச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு, கிளீவர்ல வெட்டி, மிஷின்ல வச்சு மூடினா ஒரு சின்ன மின்பொறி, ரெண்டு நுனியும் உருகி ஒட்டிக்கும். ஒட்டினது சரியில்லன்னா மறுபடி வெட்டணும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு கலர், அத அவர் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போனார், நீலம், ஆரஞ்சு, பச்ச, பிரவுன், ஸ்லேட்டு, வெள்ள, செவப்பு, கருப்பு, மஞ்சள்... ஒரு கலர் மாத்தி ஒட்டினா யாரோ ஒருத்தரோட லைன் வேற யாருக்கோ போய் நிக்கும். 24 இழை கேபிள் ரெண்டு, மொத்தம் 48 ஜாயிண்ட். முடிக்க ராத்திரி ரெண்டு மணி தாண்டிருச்சு.

அதுக்குள்ள ஆஸ்பத்திரில இருந்து எத்தன போன் வந்துச்சுன்னு கணக்கே இல்ல. பில்லிங் சாஃப்ட்வேர் க்ளவுட்ல, லேப் ரிசல்ட் க்ளவுட்ல, ஸ்கேன் படம் வேற ஊர் டாக்டருக்குப் போய் ரிப்போர்ட் வரணும், எல்லாம் நின்னுபோச்சு. டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவங்க பெட்டிய கட்டிட்டு வராண்டால உக்காந்திருக்காங்களாம். மேனேஜர் கோவமாகூட பேசல, "ரெண்டு கம்பெனிக்கும் காசு கட்றோமே சார்"ன்னு மட்டும் சொன்னார். என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா தப்பு எங்களோடது, லைன் ரெண்டான்னு பாத்தோம், பாதை ரெண்டான்னு பாக்கல.

இது ஏன் இப்டி ஆகுதுன்னா, ஃபைபர் வெல கம்மி, ரோட்டத் தோண்டறதுதான் செலவு. பர்மிஷன் வாங்கணும், நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, சில எடத்துல ரயில்வே, மறுபடி ரோடு போடக் காசு கட்டணும். அதனால ஒருத்தர் தோண்டின பள்ளத்துல எல்லாரும் போட்டுக்குவாங்க, இல்லன்னா ஒருத்தர் போட்டத எல்லாரும் வாடகைக்கு எடுத்துக்குவாங்க. தொழிலா பாத்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. மறைச்சு விக்கறதுலதான் நியாயம் இல்ல.

கடலுக்கு அடியிலயும் இதே கததான். 2008 ஜனவரி கடைசில எகிப்து அலெக்ஸாண்ட்ரியா பக்கத்துல ரெண்டு பெரிய கேபிள் அறுந்து இந்தியாவுல நெட் தவழ்ந்துச்சு, அப்ப நான் நைட் ஷிஃப்ட், நல்லா ஞாபகம் இருக்கு. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல ஜெட்டா பக்கம் மறுபடி கட், அதுல ஒரு கேபிள் 2008ல அறுந்த அதே சீ-மீ-வீ 4. பேப்பர்ல படிச்சா ஐரோப்பாவுக்கு நெறைய கேபிள் இருக்கற மாதிரி தெரியும், மேப்ப விரிச்சுப் பாருங்க, பெரும்பாலும் எல்லாம் அந்த குறுகலான செங்கடலுக்குள்ளயே நுழையுது. எங்க பாலத்தடி குழாய்க்கும் இதுக்கும் அளவுலதான் வித்தியாசம்.

இன்னொண்ணு. லைன் பிரச்சனைன்னு சொன்னா "யூடியூப் ஓடுதே, நெட் நல்லாத்தான இருக்கு"ம்பாங்க. யூடியூப் ஓடும். கூகுள், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகள் அவங்க சர்வர கொண்டாந்து இங்க நெட் குடுக்கற கம்பெனியோட ரூம்லயே வச்சிருக்காங்க, அதிகம் பேர் பாக்கற வீடியோ சென்னையிலிருந்தே வந்துரும், கடலத் தாண்டாது. அதனால வெளிநாட்டு கேபிள் அறுந்தாலும் சினிமா நிக்காது, ஆனா வெளிநாட்டு சர்வர்ல கணக்கு எழுதற சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனி நின்னுரும். நெட் பெரியவங்களுக்குப் பக்கத்துல வந்துருச்சு, சின்னவங்க இன்னும் அந்த நீளமான ஒத்தப் பாதையத்தான் நம்பி இருக்காங்க. எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு.

வெலப் போட்டி பத்தியும் சொல்லணும். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்புறம் டேட்டா வெல சரிஞ்சது நல்லது, ஊர்ல எங்க பெரியம்மா பேரனோட வீடியோ கால் பேசறாங்க, அத யாரும் கொற சொல்ல முடியாது. ஆனா ப்ராட்பேண்ட்ல வெலய கொறைச்சுக் கொறைச்சு, எம்பிபிஎஸ் நம்பர ஏத்தி ஏத்தி விக்கறப்ப காசு எங்கயாவது மிச்சம் புடிச்சாகணும்ல? ஜிபான்ல, அதாவது ஒரே ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கற முறைல, ஒரு போர்ட் இறங்குற வேகம் ரெண்டரை ஜிபிபிஎஸ், அத 64 வீடு வரைக்கும் பிரிக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க மாட்டாங்க, அதனால அது ஓடும், அது ஏமாத்து இல்ல. ஆனா பட்ஜெட் மீட்டிங்ல மொதல்ல அடிபடறது ரெண்டாவது பாதையும் ஃபீல்டு டீமும்தான். ரெண்டாவது பாதை வருஷம் பூரா சும்மா கெடக்குற மாதிரி தெரியும், அது வேல செய்யற நாள் வரைக்கும் அதுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டாங்க. ஸ்ப்ளைசர் அண்ணனுக்கு அன்னிக்கு ஜாயிண்டுக்கு இவ்ளோன்னுதான் கூலி, பிஎஃப் கெடயாது, இன்ஷூரன்ஸ் கெடயாது. அவர் கைய நம்பித்தான் ஒரு ஆஸ்பத்திரி நின்னுச்சு.

பெரிய கம்பெனிகளும் இதுக்கு வெலக்கு இல்ல. 2021 அக்டோபர் 4, நம்ம ஊர் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டா மூணும் ஒண்ணா போச்சே, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஒரு மெயிண்டனன்ஸ் கமாண்டுல அவங்க டேட்டா சென்டர்கள இணைக்கற பேக்போன் மொத்தமும் துண்டாகி, பேரச் சொன்னா சர்வர் அட்ரஸ் சொல்ற அவங்க டிஎன்எஸ்ஸுக்குப் போற வழியே உலகத்துக்குத் தெரியாமப் போச்சு, சரி பண்ண உள்ள போறதுக்கான வழியும் அதே நெட்வொர்க்கையே நம்பி இருந்ததால ஆள நேர்ல டேட்டா சென்டருக்கு அனுப்பித்தான் மீட்டாங்க. அன்னிக்கு எங்க டீம்ல எல்லாரும் நெட்வொர்க் செத்தாலும் அவங்கவங்க ரவுட்டருக்குள்ள போகத் தனி வழி இருக்கான்னு எழுந்து போய்ப் பாத்தோம்.

தோண்டறதுக்கு முன்னாடி கேபிள்காரங்களுக்கு தகவல் சொல்ல மத்திய அரசு 2023 மார்ச்ல ஒரு ஆப் கொண்டாந்துச்சு, கால் பிஃபோர் யூ டிக்னு பேரு. நல்ல ஏற்பாடு. ஆனா நான் பேசின ஜேசிபி டிரைவர்கள்ல ஒருத்தருக்குக்கூட அது தெரியல, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, கான்ட்ராக்டர் சொல்லிக் குடுத்தாத்தான தெரியும்.

அந்த ராத்திரிக்கப்புறம் நான் எந்த கஸ்டமர்கிட்ட போனாலும் மொதல்ல ஒண்ணு சொல்றேன், லைன் குடுக்கறவங்ககிட்ட ரூட் மேப் ஃபைல் கேளுங்க, கூகுள் எர்த்துல தொறக்கற கேஎம்ஸெட் ஃபைல் குடுப்பாங்க, ரெண்டு கம்பெனி ஃபைலையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டுப் பாருங்க, எங்கெல்லாம் ஒட்டிப் போகுதுன்னு கண்ணுக்கே தெரியும். தர மாட்டேன்னா அதையும் ஒரு பதிலா எடுத்துக்கங்க. போன மாசம் ஒரு காலேஜ்ல அப்டி போட்டுப் பாத்தோம், ஊருக்கு வெளிய ஆறு கிலோமீட்டர் ரெண்டு கோடும் ஒரே கோடா இருந்துச்சு. வேற பக்கமா, ஏரிக்கரை வழியா சுத்தி வந்தா பதினோரு கிலோமீட்டர் கூட ஆகும். அதுக்கு கொட்டேஷன் வாங்கிக் குடுத்துட்டேன், அக்கவுண்ட்ஸ்ல இருக்கு, நாளைக்குக் காலைல மறுபடி போன் பண்ணிக் கேக்கணும்.