என் பிள்ளையின் காற்புள்ளியை ஏன் அடித்தீர்கள்?

நேற்று சாயங்காலம் பாப்பா பையிலிருந்து தமிழ் நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நோட்டைத் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது.

‘நிறுத்தக்குறி இடுக.’ நாலாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வியோடு பழக்கம் உண்டு. கொடுத்த வாக்கியம் இது: அம்மா கடைக்குச் சென்று அரிசி பருப்பு எண்ணெய் வாங்கினார்

என் மகள் எழுதியது: அம்மா கடைக்குச் சென்று, அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினார்.

‘சென்று’ என்பதற்குப் பக்கத்தில் இருந்த காற்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் பொத்துக்கொண்டு, அடுத்த பக்கத்திலும் சிவப்பு இறங்கியிருக்கிறது. 1 மார்க்குக்கு 0. அரை மார்க்கூட இல்லை. மீதி இரண்டு காற்புள்ளி சரி, முற்றுப்புள்ளி சரி; அதற்கெல்லாம் ஒன்றும் கிடையாது.

வினையெச்சத்துக்குப் பிறகு காற்புள்ளி போடலாம் என்று இலக்கணப் புத்தகங்களே சொல்கின்றன. ‘சென்று’ வினையெச்சம், அதாவது தானே முடியாமல் இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கிற வினை. இவளுக்கு ஒன்பது வயது, வினையெச்சம் என்ற பெயரே தெரியாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள், ‘சென்று’ என்ற இடத்தில் மூச்சு நின்றது, அங்கே புள்ளி வைத்தாள். நிறுத்தக்குறி என்றால் அதுதானே? நிறுத்துகிற இடத்தில் போடுகிற குறி! அந்தப் பிள்ளை கேட்டு எழுதியிருக்கிறாள். அதற்கு முட்டை.

இன்று காலை லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வாசலில் நோட்டில் கையெழுத்து, பிறகு பெஞ்சில் காத்திருப்பு. நாற்பது நிமிடம். மிஸ் வந்தார். நோட்டைக் காட்டினேன்.

“மேடம், விடைக்குறிப்புல ரெண்டு கமாதான் இருக்கு. பாப்பா மூணு போட்ருக்கா.”

“மிஸ், மூணாவது தப்பா?”

“தப்புன்னு இல்ல. விடைக்குறிப்புல இல்ல.”

“தப்பு இல்லைன்னா ஏன் அடிச்சீங்க?”

“எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதானே மேடம் திருத்த முடியும்?”

நான் விடவில்லை. அதே வாக்கியத்தை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார். “அம்மா கடைக்குச் சென்று” என்று சொல்லி நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டுதான் “அரிசி” என்றார். “மிஸ், நீங்களே நின்னீங்க” என்றேன். “அது பேசும்போது மேடம். எழுதும்போது வேற” என்றார். எழுத்தில் நிற்கிற இடத்தைக் காட்டத்தானே இந்தக் குறியே! வேறு எதற்கு? கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் என் பொறுமை போனது. “இதெல்லாம் இங்கிலீஷ்லேர்ந்து வந்ததுதானே மேடம், தமிழுக்கு அவ்வளவு முக்கியமில்ல. ஒரு மார்க்தானே!”

முக்கியமில்லையா? முக்கியமில்லை என்றால் எதற்கு அந்த வட்டம்?

ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் கிடையாதுதான். செய்யுளுக்குத் தேவைப்படவில்லை, சீரும் அடியும் எதுகையும் எங்கே நிற்பது என்று தாமே சொல்லிவிடும். நீள நீளமாக உரைநடை எழுதி, அச்சில் ஏற்றி, தனியாக உட்கார்ந்து கண்ணால் படிக்கிற காலம் வந்தபோது தேவை வந்தது. மேல்நாட்டு அச்சு வழியாக வந்த குறிகளை 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் எடுத்தாண்டார். பிள்ளைகளுக்காகப் பாலபாடம் எழுதியவர் அவர். படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவர் எடுத்துக்கொண்ட ஒன்றை, இன்று பிள்ளையை மிரட்ட வைத்திருக்கிறோம்.

தமிழுக்கு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன். அம்மா நான் வரமாட்டேன் என்று சொன்னாள். யார் வரமாட்டார்கள்? “அம்மா, நான் வரமாட்டேன்” என்று சொன்னாள் என்றால் மகள் வரமாட்டாள். அம்மா, “நான் வரமாட்டேன்” என்று சொன்னாள் என்றால் அம்மா வரமாட்டாள். மேற்கோள் குறியே இல்லாமல் ‘அம்மா’வுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி மட்டும் போட்டால், நான் வரமாட்டேன் என்று எனக்காக அம்மா சொல்லிவிட்டாள் என்றும் படிக்கலாம். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆள் மூன்று முறை மாறிவிட்டார். இதை ஒரு பீரியடு பிள்ளைகளை நடிக்கவிட்டுச் சொல்லிக்கொடுத்தால் செத்தாலும் மறக்காது. ‘ராமு தம்பி வந்தான்’, ‘ராமு, தம்பி வந்தான்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, வந்தது யார் என்று கேட்டால் போதும், வகுப்பே கத்தும்.

அதை விட்டுவிட்டு, கமா இருந்தால் ‘சாப்பிடலாம், பாட்டி’, இல்லாவிட்டால் ‘பாட்டியைச் சாப்பிடலாம்’ என்று மாறுகிற அந்த இங்கிலீஷ் கமா கதையைத் தமிழில் எழுதி வகுப்பு வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். தமிழில் பாட்டியைத் தின்ன வேண்டுமானால் ‘பாட்டியை’ என்று ஐ வந்தாக வேண்டும்! வேற்றுமை உருபு பாட்டியைக் காப்பாற்றிவிடும், காற்புள்ளி தேவையே இல்லை. சொந்த மொழியில் எங்கே குழப்பம் வருகிறது என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

வினாக்குறியும் இதே கதைதான். ‘வந்தானா’ என்றாலே அந்த ஆவில் கேள்வி இருக்கிறது. ஆனால் ‘வந்தானா என்று தெரியவில்லை’ என்பது கேள்வி இல்லை, அங்கே முடிவில் புள்ளிதான். ‘நீ போகல?’ என்பதில் வினாச்சொல்லே கிடையாது, குறி ஒன்றுதான் அதைக் கேள்வியாக்குகிறது. இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? ‘வினாச்சொல் வந்தால் வினாக்குறி.’ முடிந்தது பாடம். பிள்ளை ‘வந்தானா’வைப் பார்த்ததும் நடுவிலேயே கொக்கியை மாட்டுகிறது, அதற்கும் அடி.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி, மேற்கோள் குறி என்று ஒப்பிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏழையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். அவன் கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் ஒரு முற்றுப்புள்ளி. வாக்கியம் முடிந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. கோடு முடிந்தது, புள்ளி வைத்தாயிற்று. ‘எங்கள் ஊரில் ஒரு பெரிய.’ அடுத்த வரியில் ‘குளம் உள்ளது அதில்.’ அதற்கு டிக் போட்டு, கீழே ‘நன்று’ என்று எழுதியிருக்கிறார்கள்! படித்துப் பார்த்துத் திருத்தியிருந்தால் அந்த ‘நன்று’ வந்திருக்குமா?

எனக்கு நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த டீச்சர், காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்பார். மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம். ஒருத்தி படிக்க வேண்டும், அவர் விரல் கணுவால் மேசையில் தட்டுவார். காற்புள்ளிக்கு ஒரு தட்டு. முற்றுப்புள்ளிக்கு நான்கு தட்டு முடியும் வரை அடுத்த வார்த்தை வரக்கூடாது. நாங்கள் அறுபது பேர் இருந்தோம், ஓட்டுக் கட்டடம், மின்விசிறி கிடையாது. அந்தத் தட்டுச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எழுதும்போது கை தானாக நிற்கிறது. அதற்கு எந்த விடைக்குறிப்பு தேவைப்பட்டது?

மிஸ்ஸுக்கும் வேலைப்பளு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘தப்பு இல்லை’ என்று தெரிந்தே ஒரு பிள்ளையின் விடையை அடித்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசி வரை அந்த மார்க்கைப் போடவில்லை. எனக்கு மார்க் வேண்டாம், அந்த வட்டத்தை அடித்துவிட்டு ‘சரி’ என்று எழுதுங்கள் என்று கேட்டேன். அதற்கும் எச்.எம்.மைக் கேட்க வேண்டுமாம்.

இன்று சாயங்காலம் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். அரைப் பக்கம் எழுதிவிட்டாள், ஒரு குறி இல்லை. வார்த்தை வார்த்தையாக ஓடுகிறது. ஏன் பாப்பா என்றேன். “மிஸ் எங்க எங்க போடணும்னு சொன்னதும் போட்டுக்கறேம்மா” என்றாள். இரண்டு வருஷம் மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டி, நிறுத்தி, மூச்சு வாங்கி, குரலை ஏற்றி இறக்கிப் பழக்கியதெல்லாம் ஒரு சிவப்பு வட்டத்தில் போயிற்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டைரியை நீட்டுகிறாள். அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்: நாளை விடுமுறை மூன்றாம் வகுப்புக்கு நான்காம் வகுப்புக்குத் தேர்வு சார்ட் பேப்பரில் நிறுத்தக்குறிகள் வரைந்து வரவும்

மூன்றுக்கு விடுமுறையா, மூன்றுக்கும் நான்குக்கும் தேர்வா? அதைக்கூட விடுங்கள். மணி ஒன்பதரை ஆகிறது. சார்ட் பேப்பரை எப்போது பார்த்தாலும் முதல் நாள் ராத்திரியில்தான் கேட்பார்களா? எங்கள் தெருவில் இந்நேரத்துக்கு மருந்துக்கடை மட்டும்தான் திறந்திருக்கிறது.