பெட்டியில் போட்ட எண்ணை நம்பாதீர்கள்

டி.பி.ஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற எண்) கூடக்கூட ஸ்கானர் நல்லது என்று, ஸ்கானர் வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பல நேரம் மென்பொருள் ஊதிக் காட்டுவது. 'ஒப்டிகல்' எண்ணைத்தான், அதாவது ஸ்கானர் உண்மையில் படிக்கும் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். கடிதத்துக்கு 300, பழைய படத்துக்கு 600 தாராளம்.

எங்கள் வன்னியில் பலரிடம் மிஞ்சியிருப்பது இடப்பெயர்வில் நனைந்து சுருண்ட படங்கள். கண்ணாடியில் ஒரு மூலை எழும்பி நின்றாலே கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டும் தெளிவாகப் படிக்கும் மெல்லிய சி.ஐ.எஸ் வகை ஸ்கானரில் அந்த இடத்து முகம் மங்கிவிடும். லென்ஸ் வைத்துப் படிக்கும் சி.சி.டி வகை அதைச் சமாளிக்கும். என்ன, பாரமும் விலையும் கூட, தனியாகக் கரண்டும் வேண்டும். சி.ஐ.எஸ் பல யூ.எஸ்.பி வயரிலேயே ஓடும். லப்டொப் இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

இன்னொன்று, காணி உறுதி ஸ்கான் பண்ண நினைப்பவர்கள் கண்ணாடியின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏ4 கண்ணாடியில் அதைவிட நீளமான லீகல் தாள் வைத்தால் கையெழுத்துப் பகுதி வெளியே தொங்கும்.