ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவர் வீட்டையும் ஆயத்தப்படுத்த வேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போகிறான் என்ற கதை அடிபட்டால் இரண்டு பகுதியார் உடனே கிளம்பிவிடுகிறார்கள். காசைக் காட்டி மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பகுதி சொல்கிறது; அது அவனவன் உரிமை, வீட்டார் வாய் திறக்கக்கூடாது என்று மறுபகுதி சொல்கிறது. என் அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், அதாவது மோர்மன் சபை என்று வெளியே அறியப்படுகிற சபையில், ஞானஸ்நானம் பெறுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம் ஊழியக்காரருடன் நான் கதைத்திருக்கிறேன். சில பாடங்களைப் பக்கத்தில் இருந்து கேட்டும் இருக்கிறேன். நான் சைவம், சாகும்வரை சைவமாகவே இருப்பேன். அந்த நிலையில் நின்றுகொண்டே சொல்கிறேன்: ஒருவரைத் தண்ணீரில் இறங்குவதற்கு ஆயத்தப்படுத்துகிறவருக்கு, அடுத்த நாள் விடிய அவர் திரும்பிப் போகப்போகிற வீட்டையும் அதற்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பைப் பற்றி இரண்டு பகுதியாரும் பேசுவதில்லை.

முதலில் அந்த ஆயத்தம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை அறியாமலேயே பலர் ஏசுகிறார்கள். 1830 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை இது. அதன் இளம் ஊழியக்காரர்கள் எப்போதும் இரண்டு பேராகவே போவார்கள். ஆண்கள் இரண்டு ஆண்டுகளும் பெண்கள் 18 மாதங்களும் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் சொந்தச் சேமிப்பிலும் பெற்றோரின் உதவியிலும், சபை அனுப்புகிற இடத்தில் ஊழியம் செய்கிறார்கள். கற்க வருகிறவருக்குக் கடவுளைப் பற்றியும், இயேசுவைப் பற்றியும், ஜோசப் ஸ்மித் மூலம் சபை மீண்டும் நிறுவப்பட்டது என்ற தங்கள் விசுவாசத்தைப் பற்றியும், கைக்கொள்ள வேண்டிய கட்டளைகளைப் பற்றியும் ஒழுங்காகப் பாடம் எடுக்கிறார்கள். தங்கள் வேதநூல்களில் ஒன்றான மோர்மன் நூலை வாசித்து, அது உண்மையா என்று தானாகவே பிரார்த்தனை செய்து கேட்கும்படி சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு நேர்காணல் நடக்கும். அதைப் பாடம் எடுத்தவரே நடத்தாமல் வேறொருவர் நடத்துவார். கற்பித்தவருடைய முகத்துக்காக ஒருவர் தலையாட்டிவிடக்கூடாது என்பதற்கு இது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஞானஸ்நானத்தின்போது வெள்ளை உடை உடுத்து முழுமையாக நீரில் மூழ்க வேண்டும். உடையின் ஒரு நுனி மேலே மிதந்தாலும் திரும்பவும் செய்ய வேண்டும் என்பதற்காக இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள்.

காசு கொடுத்து மாற்றுகிறார்கள் என்ற பேச்சு இந்த இடத்தில் பொருந்தவே பொருந்தாது. சேருகிறவர்தான் தன் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதமா என்று நேர்காணலிலேயே கேட்கிறார்கள். அக்காவுக்கு இதிலிருந்து ஒரு நியாயமான கேள்வி பிறந்தது. கொழும்பில் வேலை செய்கிற மகன் மாதாமாதம் அனுப்பும் காசில்தான் தங்கச்சியின் படிப்பும் வீட்டுச் செலவும் ஓடுகின்றன. அந்தக் காசு குறையுமா என்று கேட்பதற்கு ஒரு தாய் வெட்கப்பட வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிறகு இந்தக் கேள்வி வந்திருந்தால் அது சண்டையாகியிருக்கும். முன்னரே வந்ததால் அவன் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு தாயோடு இருந்து கணக்குப் பார்த்தான்.

எங்கள் வீட்டில் விடயம் வெளிவந்தது தேத்தண்ணியால். லீவில் வந்து நின்றவனுக்கு அக்கா வழக்கம்போல விடியவே வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுபோய் விறாந்தைக் கட்டில் வைத்தாள். அவன் பனங்கட்டியை மட்டும் கடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே விட்டிருந்தான். மறுநாளும் அப்படியே விட்டபோது வயிற்றில் ஏதும் பிழையோ என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். மது, புகையிலை என்பவற்றோடு தேநீரையும் கோப்பியையும் விலக்கச் சொல்லும் ஒரு வெளிப்பாடு 1833 இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்தது என்று அவர்கள் நம்புகிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னரே அதைக் கைக்கொள்ளத் தொடங்க வேண்டும். அமெரிக்காவிலோ வேறெங்கோ இது ஒரு சின்னக் கட்டுப்பாடாக இருக்கலாம். எங்கள் ஊரிலோ வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் மனதில் ஏதோ கறள் இருக்கிறது என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். நன்மை தீமைகளிலும் சம்பந்தம் பேசப் போகிற இடத்திலும் முதலில் வருவது அந்தக் கோப்பைதான். ஆகவே இந்தக் கட்டளையைப் படிப்பிக்கிறவர், யாழ்ப்பாணத்து வீடொன்றில் அதை மரியாதை குறையாமல் எப்படிக் கைக்கொள்வது என்பதையும் சேர்த்தே படிப்பிக்க வேண்டும். இதை நான் அந்த ஊழியக்காரரிடம் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டார். இஞ்சியும் மல்லியும் போட்டு அவித்த தண்ணீருக்குத் தடை இல்லை, அதை அவனே கேட்டு வாங்கிக் குடிக்கலாம் என்றார். இப்போது அக்கா விடியவே மல்லி அவிக்கிறாள்.

அந்த ஊழியக்காரப் பையனைப் பற்றி இங்கே நல்லதைச் சொல்லவேண்டும். இருபது வயது மட்டில் இருக்கும், தமிழ்நாட்டுத் தமிழ் பேசுகிறவர். "உங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி என்று பெறாமகன் சொன்னான். தாய்க்குத் தெரிந்த பிறகு, விரும்பினால் அவரும் இருந்து கேட்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலோடு போனைச் சாத்தி வைத்துவிட்டு, வட்ஸ்அப் காணொளியில் நாங்களும் பாடம் கேட்டோம். ஒரு நாள் அக்கா இடையில் புகுந்து, "தம்பி, நான் செத்தால் எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அத்தான் போய் ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. அவருக்குக் கொள்ளி வைத்தது இந்த ஒரே மகன்தான். ஊழியக்காரர் உடனே ஒரு வசனத்தை எடுத்து நீட்டியிருந்தால் நான் போனை நிறுத்தியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. கொள்ளி வைப்பதில் மகன் என்னென்ன செய்வான், செத்தவருக்குச் செய்யும் கிரியையான அந்தியேட்டி என்றால் என்ன என்று அக்காவிடமே கேட்டு அறிந்தார். பிறகு, இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது அம்மா, உங்கள் மகன்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுத்தான் அவர் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றார். ஞானஸ்நானத்துக்கு ஒருவரை ஆயத்தப்படுத்துவதில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

இறந்தவர்கள் விடயத்தில் அந்தச் சபைக்கும் எங்களுக்கும் இடையில் பேசித் தீர்க்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. வம்சாவளியைத் தேடி எழுதுவதை அவர்கள் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் தங்கள் ஆலயங்களில் ஞானஸ்நானம் பெறும் வழக்கமும் உண்டு. அதை ஏற்பதோ மறுப்பதோ இறந்தவருடைய விருப்பம் என்பது அவர்களின் போதனை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற எங்களுக்கு, இறந்தவரை மறக்காத மனம் விளங்கும். ஆனாலும் என் அப்பாவின் பெயரை அங்கே கொண்டுபோவதை நான் விரும்பவில்லை. அவர் திருநீறு பூசாமல் படலை தாண்டாத மனிதர். கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராக இருந்தால் மிக நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்று அவர்களின் விதியே சொல்கிறது. அந்த அனுமதியை நான் தரமாட்டேன் என்று பெறாமகனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவன் சரி சின்னம்மா என்றான். இதையெல்லாம் முன்கூட்டியே ஊழியக்காரர்கள்தான் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். பின்னால் யாரோ இணையத்தில் எடுத்துக் காட்டி நாங்கள் அறிகிற நிலை வரக்கூடாது.

நான் அவர்களோடு உடன்படாத இடம், நாள் குறிப்பது. முதல் சில பாடங்களுக்குள்ளேயே ஞானஸ்நானத்துக்கு அழைக்கவும், ஒரு நாளை இலக்காக வைக்கவும் இந்த ஊழியக்காரர்கள் ஊக்குவிக்கப்படுகிறார்கள். நாள் ஒன்று இருந்தால் கற்கிறவர் ஊக்கமாகக் கற்பார் என்பது அவர்களின் எண்ணம். எங்கள் பிள்ளைகளோ மூத்தவர்களுக்கும் மரியாதையாகப் பழகுகிறவர்களுக்கும் முடியாது என்று சொல்லப் பழகாதவர்கள். ஒரு நாளுக்குச் சம்மதித்துவிட்டால், மனம் ஆயத்தமாகாவிட்டாலும் சொன்ன சொல்லுக்காகப் போய் நிற்பார்கள். பெறாமகனுக்குக் குறிக்கப்பட்ட நாள் தகப்பனின் ஆட்டத்திவசத்துக்கு, அதாவது முதலாம் ஆண்டுத் திதிக்கு, முன்னால் விழுந்தது. அவன் அதை அவர்களிடம் சொல்லவே கூச்சப்பட்டான். நான் சொன்னேன், அவர்கள் தயக்கமில்லாமல் பின்தள்ளினார்கள். எங்கள் வீட்டில் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தது. ஆள் இல்லாத வீடுகளை எண்ணித்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அவசரமும் நிதானமும் என்ன விளைவைத் தரும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று கிடக்கிறது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் பார்க்கவும் கலியாணத்தைப் பதியவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. சனம் கூட்டம் கூட்டமாகத் தலையில் தண்ணீர் வாங்கியது. வீட்டுக்குள்ளே விரதமும் பூசையும் நடந்துகொண்டிருந்தன. 1795 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் விலகிய பின்னர் பெரும்பாலோர் வெளிப்படையாகவே கோயிலுக்குத் திரும்பினார்கள். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனாரிமாரோ எளிதில் ஒருவரைச் சபையில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆண்டுக்கணக்காகப் படித்தும் சபையில் சேராமலே வெளியேறியவர்கள் பலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுகநாவலர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஆழமாகக் கற்ற பிறகும் ஒருவர் வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தது. அப்படி இடம் இருந்ததால்தான் அந்த நாளில் ஆம் என்று சொன்னவர்களின் சொல்லுக்கும் பெறுமதி இருந்தது.

குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. திருமணமானவராயின் துணையின் சம்மதமும், பராயம் அடையாதவராயின் பெற்றோரின் அனுமதியும் வேண்டும் என்று அந்தச் சபையில் விதி உண்டு. திருமணமாகாத வளர்ந்த பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. இருக்கவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. விரும்பிய சமயத்தைத் தழுவும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. நான் கேட்பது, வீட்டாருக்குத் தெரிந்து நடக்க வேண்டும் என்பதையே. ஆனால் தெரியப்படுத்துகிற பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் என்ன கிடைக்கிறது? புத்தகத்தைப் பறித்து அடுப்பில் போடுகிறார்கள். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் நூல் கட்டுவிக்கிறார்கள். அவசர அவசரமாகச் சம்பந்தம் பேசுகிறார்கள். இவ்வளவையும் பக்கத்து வீட்டில் பார்த்த பிள்ளை தன் வீட்டில் வாய் திறக்குமா? ஒளித்துச் செய்துவிட்டான் என்று பிறகு குழறுகிறவர்கள், ஒளிக்க வேண்டிய நிலையை யார் உண்டாக்கியது என்பதை யோசிக்க வேண்டும்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. இந்த ஊழியக்காரர்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள். தவணை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெறாமகன் கொழும்பில் நிற்கும் ஞாயிறுகளில் ஆராதனைக்குப் போவான். நல்லூர்க் கொடியேற்றத்துக்கோ ஒரு செத்தவீட்டுக்கோ மானிப்பாய்க்கு வந்து நிற்கும்போது, எங்கள் ஒழுங்கையில் அவனுடைய விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஊராரிடம் கதை கேட்கப்போவது அவனும் அக்காவும்தான். ஆகவே நாள் குறிப்பதற்கு முன்னர், கொழும்புச் சபையில் நிரந்தரமாக இருக்கிற, தமிழ் பேசுகிற, வயதில் மூத்த ஒருவரை அக்காவுக்கு அறிமுகப்படுத்தி வைக்கும்படி கேட்டிருக்கிறேன். பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண்ணாக இருந்தால் தான் கதைப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பார்த்துச் சொல்கிறேன் என்று ஊழியக்காரர் சொன்னார். அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த பிறகுதான் புதிய நாளைப் பற்றிப் பேசுவது என்று பெறாமகனும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.